பிறேக் பிடிச்சிட்டுது

தவமலர் லொறி ஓடப்போகிறாள் என்று தெரிந்த நாளில் லண்டன் பிளேஸ்டோவில் பல பேருக்குச் சாப்பாடு செமிக்கவில்லை. கோயில் மண்டபத்தில் அன்னதானத்துக்கு இருந்தவர்கள் அவளைப் பற்றியே கதைத்தார்கள். பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை, கடையில் நிற்கலாமே, பள்ளிக்கூடத்துச் சமையலில் சேரலாமே என்று ஆளாளுக்கு வழி சொன்னார்கள். அந்த வழியெல்லாம் அவள் நடந்து முடித்த வழிதான். எங்கே போனாலும் தலைமாட்டில் ஒருவர் நின்றுகொண்டு "கெதியா, கெதியா" என்று விரட்டினார். லொறிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினால் தலைமாட்டில் ஒருவரும் இல்லை. அந்த ஒரு சுகத்துக்காகத்தான் அவள் சோதனையில் ஒருதரம் விழுந்தும் விடாமல் மறுபடி எழும்பி லைசென்ஸ் எடுத்தாள்.

வேலை கொடுத்தவர் செபமாலைமுத்து. மன்னார் ஆள். ஊருக்கெல்லாம் அவர் முத்தண்ணை. ஹீத்ரோவில் வந்து இறங்கும் மரக்கறியையும் மீனையும் எடுத்து லண்டன் முழுக்க உள்ள தமிழ்க் கடைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அவருடைய தொழில். ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலில் முதல் வாங்கில் இருப்பவர், தான தருமத்துக்குக் கை சுருக்காதவர், எல்லாம் சரி. பொம்பிளை பேசினால் மட்டும் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். தவமலரைத் தற்காலிகமாகத்தான் வைத்திருந்தார். "பொங்கல் கிழமை கடையெல்லாம் நெருக்கடி. அந்தக் கிழமையை ஒரு கரைச்சலும் இல்லாமல் ஒப்பேத்திப்போட்டியெண்டால் உன்னை நிரந்தரமாப் போடுறன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் கிழமையின் கடைசி நாள்தான் இன்று.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், ஆற்றோரமாக இருந்த யார்டில்தான் லொறிகள் நிற்கும். அதன் கேற்றில் காவல் இருப்பவர் தவமலரின் புருசன் இராஜேந்திரன். பொழுதுபட வந்தால் விடியத்தான் வீட்டுக்குப் போவார். நல்ல மனுசன். அளவுக்கு மிஞ்சி நல்ல மனுசன். யார் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற சாதி. அவர் கேற்றின் தடைக்கம்பைத் தூக்கிவிடுகிற வேகத்தைப் பார்த்தால், அது தடைதானா என்று சந்தேகம் வரும்.

அன்று விடியற்காலை குளிர் எலும்புக்குள் இறங்கியது. நிலமெல்லாம் வெள்ளையாய் உறைந்து கிடந்தது. தவமலர் பஸ்ஸால் இறங்கி, வழுக்காமல் கால் பதித்துக் கேற்றடிக்கு வந்தபோது இராஜேந்திரன் காவல்குடிலுக்குள் இருந்து கம்பளிப் போர்வையோடு ஓடிவந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மலர், உங்கை பாரும்."

பார்த்தாள். நேற்று ஹீத்ரோவில் ஏற்றின பாரத்தோடு அவளுடைய லொறி மின்னிக்கொண்டு நின்றது. முன்கண்ணாடியின் கீழே மூன்று விபூதிக் குறி, நடுவில் சந்தனமும் குங்குமமும். பக்கக் கண்ணாடி இரண்டிலும் மாலை. ஈஸ்ற் ஹாம் கடையில் வாங்கிய செவ்வந்தி மாலை, குளிரில் விறைத்துப்போய்க் கிடந்தது.

"என்னப்பா இது?"

"நேற்றுப் பட்டிப் பொங்கல் எல்லே? எங்களுக்குச் சோறு போடுறது இதுதானே. மாட்டுக்குச் செய்யிறதை இதுக்குச் செய்தன். சீற்றிலை ஒரு டப்பாவுக்கை பொங்கலும் வைச்சிருக்கிறன்."

இராஜேந்திரனின் பரம்பரையில் ஒருவரும் மாடு வளர்த்ததில்லை. அப்பா தபாற்கந்தோர், பாட்டன் தபாற்கந்தோர். பால்மாவில் வளர்ந்த மனுசனுக்கு லண்டனில் வந்து மாட்டு ஞாபகம். தவமலருக்குச் சிரிப்பு வந்தது. ஊரே நக்கலடித்த அவளுடைய வேலைக்கு முதன்முதலாகப் பொட்டு வைத்தவர் இவர்தான். அதைச் சொல்லத் தெரியாமல், "சரி சரி, நேரம் போகுது" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

எஞ்சினை இயக்கினாள். இந்த வகை லொறிகளில் எல்லாம் காற்றால்தான் பிறேக். தொட்டியில் காற்று நிரம்பும்வரை காத்திருந்தாள். அளவுகாட்டும் முள் ஏறியது. ஹாண்ட்பிறேக்கை விட்டாள். புஸ்ஸென்று காற்றுப் போய்ச் சேர்ந்த சத்தமும் கேட்டது. கியரைப் போட்டு மெதுவாக விட்டாள். லொறி பின்பக்கம் குந்தி எழும்பியதே தவிர ஓரடி நகரவில்லை.

இன்னொருதரம் விட்டாள். மறுபடியும் ஒரு குந்தல்.

எஞ்சினை நிறுத்தாமல் இறங்கி, குனிந்து பின் சக்கரத்துச் சில்லுக்கு உள்ளே டோர்ச் அடித்தாள். உள்ளே ஐஸ் விழுது விழுதாகத் தொங்கியது.

"இஞ்சாருங்கோ, இதை எப்ப கழுவினனீங்கள்?"

"நேற்றுப் பின்னேரம். நீர் நிப்பாட்டிப்போட்டுப் போன கையோடை. ஹோஸ் பைப்பாலை நல்லா அடிச்சனான். சில்லுக்குள்ளை எல்லாம்."

"சில்லுக்குள்ளையோ?"

"குளம்பு கழுவாமல் மாட்டுக்குப் பொட்டு வைக்கிறதே?"

தவமலர் கண்ணை மூடித் திறந்தாள்.

"பேந்து?"

"பேந்தென்ன, விடியப்புறம் பாத்தன், சில்லெல்லாம் ஐஸ் பிடிச்சுப்போய் வடிவில்லாமல் கிடந்தது. கேத்திலிலை தண்ணி கொதிக்க வைச்சு ஊத்தினன். அது கரைஞ்சுது. பாத்தால் திரும்பப் பிடிச்சிட்டுது. இன்னொரு கேத்தில் ஊத்தினன்."

அவள் லொறிப் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள்.

விசயம் சின்னதுதான். ஹாண்ட்பிறேக் போட்டு நிற்கிற லொறியில், சில்லுக்குள் இருக்கிற பிறேக் கட்டைகள் சுற்றியிருக்கும் இரும்பு டிறம்மை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்த இடுக்கில் தண்ணீர் போய்க் குளிரில் உறைந்தால், கட்டையும் டிறம்மும் ஒட்டிக்கொள்ளும். பிறகு காற்று வந்து தள்ளினாலும் கட்டை விடாது. கழுவின லொறியைக் கொஞ்சத் தூரம் உருட்டி, பிறேக்கை நாலைந்துதரம் மிதித்து, அந்தச் சூட்டில் ஈரம் காய்ந்த பிறகுதான் நிறுத்த வேண்டும் என்று பழக்கின வாத்தியார் படித்துப் படித்துச் சொன்னார். அவளுக்குச் சொன்னார். அவளுடைய புருசனுக்கு யார் சொன்னது?

"நான் நல்லதெண்டு நினைச்சுத்தான்..." என்று இராஜேந்திரன் இழுத்தார்.

"ஒண்டும் கதைக்காதேங்கோ. இப்ப ஒண்டும் கதைக்காதேங்கோ." கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் ஆசை தீரத் திட்டியிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டாரே என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

முத்தண்ணைக்குப் போன் அடித்தாள்.

"அண்ணை, தவமலர். லொறி அசையுதில்லை. பிறேக் பிடிச்சிட்டுது."

"ஆ?"

"பிறேக் பிடிச்சிட்டுது அண்ணை."

"பிறேக் பிடிக்கத்தானே வேணும் தங்கச்சி? பிடிக்காட்டில்தானே பிரச்சினை."

"அப்பிடியில்லை அண்ணை. பிடிச்சபடி நிக்குது. விடுகுதில்லை."

"ஹாண்ட்பிறேக்கை எடுத்தனியோ?"

"எடுத்தனான்."

"வடிவாப் பார். சிலநேரம் எடுத்தமாதிரி இருக்கும், எடுபட்டிராது. பொம்பிளையளின்ர கைக்கு அது கொஞ்சம் இறுக்கம்."

அந்த லொறியின் ஹாண்ட்பிறேக் ஒரு சின்ன விரல் நீளப் பிடி. குழந்தைப்பிள்ளையும் தள்ளலாம். அது வாய்வரை வந்தது, விழுங்கினாள்.

"அண்ணை, உள்ளுக்குத் தண்ணி போய் உறைஞ்சிட்டுது. கொஞ்ச நேரம் தாங்கோ. மெல்ல மெல்லத் தட்டி இளக்கிப்போட்டு எடுக்கிறன்."

"தண்ணி எப்பிடிப் போனது? மழையும் இல்லையே?"

தவமலர் குடிலடியில் போர்வையும் கையுமாய் நிற்கிற மனுசனைப் பார்த்தாள். "தெரியாது அண்ணை" என்றாள்.

"குரோய்டன் கடைக்காரர் இப்பவே அடிக்கத் தொடங்கிட்டினம். வல்லாரையும் முருங்கைக்காயும் இந்தக் குளிருக்குக் கறுத்துப்போம். டினேஷ் அங்கை வருவான். அவனைப் பாக்கச் சொல்லு."

வைத்துவிட்டார்.

அவள் சில்லு உருளாமல் மரக்கட்டை முட்டுக்கொடுத்து, ஹாண்ட்பிறேக்கை விட்டபடி, சுத்தியலோடு கீழே போனாள். நிலத்தின் குளிர் ஜக்கெற்றுக்குள்ளால் முதுகில் ஏறியது. டிறம்மின் ஓரத்தில் அளவாகத் தட்டினாள். சுற்றிச் சுற்றித் தட்டினாள். ஐஸ் பொரிப்பொரியாய் முகத்தில் விழுந்தது. இராஜேந்திரன் குடிலில் இருந்த ஹீற்றரை நீள வயரில் இழுத்து வந்து, எங்கே வைப்பதென்று கேட்கப் பயந்து நின்றார். "அந்தப் பக்கம் வையுங்கோ. கிட்ட வைக்காதேங்கோ, ரயர் எரிஞ்சு போம்" என்றாள். வலப்பக்கம் ஒரு மாதிரி 'டக்'கென்று இளகிக் கொடுத்தது. இடப்பக்கம் வெட்டவெளியைப் பார்த்த பக்கம். கேத்தில் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம்தான் போயிருந்தது. அது மசியவில்லை.

விரல் நுனியில் உணர்வு போய்விட்டது. கையைக் கமக்கட்டுக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டு நிற்கையில் டினேஷ் வந்தான். முத்தண்ணையிடம் நாலு வருசமாக லொறி ஓடுகிறவன். அதற்குள் நாற்பது வருசத்து நடை.

"என்னக்கா, மாட்டுக்குப் பொட்டெல்லாம் வைச்சிருக்கு, மாடு எழும்புதில்லையாம்?"

"இடப்பக்கம் இன்னும் விடேல்லை தம்பி. வெயில் கொஞ்சம் படட்டும். அரை மணித்தியாலத்திலை இளகிடும்."

"உதுக்கேன் வெயில்? பின்னாலை முன்னாலை ரண்டு இழுவை இழுத்தால் விட்டிடும். நான் எத்தினைதரம் செய்திருக்கிறன்."

"இழுக்காதை. கட்டையிலை ஒட்டியிருக்கிற லைனிங் பிஞ்சு போம். மெல்ல எடுப்பம்."

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. முத்தண்ணை. எஞ்சின் சத்தத்தில் கேட்காதென்று குடில் பக்கம் நாலடி எடுத்து வைத்தாள். "ஓம் அண்ணை, ஒரு பக்கம் விட்டிட்டுது, மற்றப் பக்கம்..." என்று தொடங்கியதுதான் தாமதம். பின்னாலே எஞ்சின் அலறியது. திரும்பினாள். மரக்கட்டைகளை உதைத்துத் தள்ளிவிட்டு டினேஷ் சீற்றில் ஏறியிருந்தான். லொறி பின்னுக்கு ஒரு உதறல், முன்னுக்கு ஒரு உதறல். பூட்டிய சில்லு உறைந்த தரையில் கறுப்புக் கோடு கீறிக்கொண்டு இழுபட்டது. பிறகு உள்ளேயிருந்து 'டமார்' என்றொரு சத்தம். சில்லு உருண்டது.

"பாத்தியளோக்கா!" டினேஷ் ஜன்னலால் தலையை நீட்டிச் சிரித்தான். போனுக்குள் முத்தண்ணையும் சிரித்தார். "விட்டிட்டுதோ? அவன் கெட்டிக்காரன். சரி, கெதியா வெளிக்கிடு."

தவமலர் சிரிக்கவில்லை. டினேஷை இறக்கிவிட்டுத் தான் ஏறினாள். யார்டுக்குள்ளேயே நடைவேகத்தில் உருட்டி, பிறேக்கை மிதித்தாள். லொறியின் மூக்கு வலப்பக்கம் திரும்பியது. ஸ்டியறிங்கை நேராகப் பிடித்து மறுபடி மிதித்தாள். மறுபடியும் வலப்பக்கம். இடப்பக்கச் சில்லுக்குள் ஏதோ கடகடவென்று உருண்டது. டப்பாவுக்குள் கல் போட்டுக் குலுக்குகிற சத்தம்.

லொறியை நிறுத்தினாள். பிறகு போனை எடுத்தாள்.

"அண்ணை, இப்ப பிறேக் பிடிக்குதில்லை."

"என்ன பிள்ளை நீ? முதல் பிடிச்சிட்டுது எண்டாய். இப்ப பிடிக்குதில்லை எண்டுறாய். உனக்கு என்னதான் வேணும்? பிடிக்கோணுமோ, விடோணுமோ?"

"அண்ணை, முதல் பிடிச்சது விடேல்லை. டினேஷ் இழுத்ததிலை இடப்பக்கம் லைனிங் கழண்டு போச்சு. இப்ப அந்தச் சில்லு பிடிக்குதில்லை. வண்டி ஒரு பக்கம் இழுக்குது."

"மற்றச் சில்லு பிடிக்குதுதானே?"

"பிடிக்குது. ஆனால் குரோய்டன் போற வழியிலை கிறிஸ்ரல் பலஸ் இறக்கம் இருக்கு அண்ணை. பாரத்தோடை இறங்கேக்கை, கீழை பள்ளிக்கூடப் பிள்ளையள் கடக்கிற நேரம்..."

"மெல்லமாப் போ."

"மெல்லமாப் போனாலும் நிக்கோணுமே அண்ணை."

"தவமலர், நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதை. பயமெண்டால் பயமெண்டு சொல்லு. அதுக்கேன் லொறியிலை பிழை சொல்லுறாய்? திறப்பை டினேஷிட்டக் குடுத்திட்டு இறங்கு. அவன் கொண்டு போவான்."

அவளுக்கு முகம் சுட்டது. பயமாம். குரோய்டன் என்ற பெயர் கேட்டாலே பயந்த காலம் அவளுக்கு இருந்ததுதான். அகதி விண்ணப்பத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு, அங்கேயிருக்கிற குடிவரவுக் கந்தோரின் உயரக் கட்டடத்து வாசலில் மழைக்குள் வரிசையில் நின்று, யாரோ ஒருவர் அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் சந்தேகத்தோடு குறித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். இப்போது அதே தெருவால் லொறியில் போகும்போது சீற்றின் உயரத்திலிருந்து அந்த வரிசை நின்ற இடத்தைப் பார்ப்பாள். பார்த்து ஒருதரம் ஹோர்ன் அடிப்பாள். யாருக்கும் தெரியாது. அது அவளுடைய சொந்தச் சந்தோசம். இன்று அதைக் கையால் எடுத்து இன்னொருவனிடம் கொடுக்கச் சொல்கிறார்.

"குடுக்க ஏலாது அண்ணை. ஆரும் கொண்டு போக ஏலாது."

"என்ர லொறி!" என்று கத்தினார் முத்தண்ணை. வைத்துவிட்டு டினேஷுக்கு அடித்தார்.

ஹாண்ட்பிறேக்கைப் போட்டுவிட்டு, சில்லுக்குக் கட்டை வைக்கவென்று அவள் இறங்கியிருந்தாள். திறப்பு லொறியின் சாவித்துவாரத்திலேயே இருந்தது. அதுதான் அவள் விட்ட பிழை. டினேஷ் போனைக் காதில் வைத்தபடி மற்றப் பக்கத்தால் ஏறி, கதவைச் சாத்திவிட்டான். "டேய் தம்பி, இறங்கு, சொல்லுறதைக் கேள்" என்று அவள் கதவில் அடிக்க அடிக்க லொறி கேற்றை நோக்கி உருண்டது. அவள் பின்னால் ஓடினாள். உறைந்த தரையில் ஓடவும் முடியவில்லை. அவள் சொல் யார் காதிலும் ஏறாத காலைப்பொழுது அது. கத்தி அழவேண்டும் போல இருந்தது.

கேற்றில் தடை இறங்கியிருந்தது. அதன் முன்னால், போர்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, இராஜேந்திரன் நின்றார்.

டினேஷ் ஹோர்ன் அடித்தான். இராஜேந்திரன் அசையவில்லை. அவன் பிறேக்கை மிதித்தான். லொறி வலப்பக்கமாய் வெட்டி, கேற்றுத் தூணுக்கு ஒரு முழம் இருக்க நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் டினேஷின் முகம் வெளிறியது. மனுசன் சரிநடுவே நின்றதால் தப்பினார். தூணடியில் நின்றிருந்தால் கதை வேறு.

"அண்ணை, தூக்குங்கோ. முத்தண்ணை போகச் சொல்லிட்டார்" என்றான். குரலில் நாற்பது வருசத்தையும் காணவில்லை.

"தூக்கேலாது."

"உங்களுக்கு உள்ளுக்கு வாறதைப் பாக்கிற வேலையெல்லே? போறதை ஏன் மறிக்கிறியள்?"

"ஓம். எனக்கு மறிக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை. ஆனால் மறிக்கிறன். மலர் ஏலாதெண்டால் ஏலாதுதான்."

மூச்சிரைக்க வந்து சேர்ந்த தவமலர் அதைக் கேட்டாள். கலியாணம் கட்டின நாளிலிருந்து இந்த மனுசன் "ஏலாது" என்ற சொல்லை ஒருதரமும் சொல்லி அவள் கேட்டதில்லை. டினேஷ் நீட்டிய போனை அவர் வாங்கினார். முத்தண்ணை போட்ட சத்தம் வெளியில் நின்றவளுக்கும் கேட்டது. உன்ரை முதலாளியிட்டச் சொல்லுவன், நாளைக்கு இந்தக் கேற்றிலை நிக்கமாட்டாய் என்பதெல்லாம் கேட்டது.

"சொல்லுங்கோ அண்ணை. சொல்லேக்கை இதையும் சொல்லுங்கோ. லொறியிலை தண்ணி அடிச்சது நான். அவவுக்குத் தெரியாது. நான்தான் கழுவினனான்."

"லொறியை ஆர் உன்னைக் கழுவச் சொன்னது?"

"பட்டிப் பொங்கல் அண்ணை."

பிறகு, "நில்லு. நான் வாறன்" என்றார் முத்தண்ணை.

வந்தார். கோட்டுக்குள்ளே பைஜாமா தெரிந்தது. விபூதிக் குறியையும் மாலையையும் பார்த்தார். "எங்கடை ஆக்களும் பாதர் சுவாமியைக் கூட்டிக்கொண்டு வந்து தீர்த்தம் தெளிப்பினம்தான். ரண்டு துளி. நீ குளத்தையே வார்த்திருக்கிறாய்" என்றார். இராஜேந்திரன் தலையாட்டினார். பழக்க தோசம்.

பிறகு டினேஷை மெல்ல உருட்டச் சொல்லி, சில்லோடு சில்லாய் நடந்து, காதைக் கொடுத்துக் கேட்டார். கடகட. நிறுத்தச் சொன்னார். மறுபடி உருட்டச் சொன்னார். கடகட. அவருடைய முகம் மாறியது. அவரும் ஒருகாலம் லொறி ஓடின மனுசன்தான்.

"லைனிங் போயிட்டுது" என்றார்.

"ஓம் அண்ணை, பிறேக் மிதிச்சால் வலப்பக்கம் இழுக்குது. நானும் அதைத்தான் சொன்னனான்" என்றான் டினேஷ்.

தவமலர் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

முத்தண்ணை மெக்கானிக்குக்கு அடித்தார். அவனும் தமிழ் ஆள்தான், வெம்பிளியில் கராஜ் வைத்திருப்பவன். "தம்பி, லொறி ஒண்டு பிறேக் பிடிச்சிட்டுது. இழுத்ததிலை இப்ப பிடிக்குதில்லை" என்றார். மறுபக்கத்தில் ஒரு கேள்வியும் இல்லை. "ஓம், ஓம், குளிருக்குத்தான். வா" என்று சொல்லி வைத்தார்.

விடிந்த நேரம் முதல் அவள் சொன்ன அதே சொல். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் வாயால் வந்தபோது விளங்காத தமிழ் அவர் வாயால் போனதும் வெம்பிளிக்கே விளங்கிவிட்டது. தவமலருக்குக் கோபத்தில் காது அடைத்தது. குளிர் தெரியவில்லை.

முத்தண்ணை பெட்டிகளை டினேஷின் லொறிக்கு மாற்றச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, முகத்தைப் பார்க்காமல், "கொண்டு போகாமல் விட்டது நல்லது" என்றார். "நாளைக்கு வா."

"எப்பிடி வாறது அண்ணை? நிரந்தரமாயோ, தற்காலிகமாயோ?"

"பாப்பம்."

"பொங்கல் கிழமை முடியச் சொல்லுறன் எண்டனீங்கள். கிழமை முடிஞ்சுது."

"கரைச்சல் இல்லாமல் எண்டெல்லே சொன்னனான். பாப்பம் தங்கச்சி."

தவமலர் டினேஷிடம் கையை நீட்டினாள். அவன் லொறித் திறப்பைக் கையில் வைத்தான். அவள் அதைத் தன் ஜக்கெற்றின் உள்பொக்கற்றில் போட்டு, சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினாள்.

"அப்ப நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ அண்ணை. பாத்து முடியுமட்டும் திறப்பு என்னட்டை இருக்கட்டும்."

முத்தண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஆ?" என்று மட்டும் வந்தது.

"கேட்டிருக்கும்" என்றாள் அவள்.

அவர் காரில் ஏறிக் கேற்றடிக்கு வந்தார். இராஜேந்திரன் தடையைத் தூக்கிவிட்டார். வழமையான வேகத்தில் இல்லை, கொஞ்சம் மெதுவாக. கார் போனதும் அதை இறக்கிவிட்டு, அவளுக்கு எதிர்ப்படப் பயந்து, குடில் வாசலில் நின்றார். வேலை இருக்குமோ போகுமோ என்று அவருக்கும் தெரியாது.

தவமலர் லொறிச் சீற்றில் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள். பொங்கல் கட்டிபட்டுக் கல்லாய்க் கிடந்தது. கரண்டி இறங்கவில்லை. கையால் ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டாள். பல் கூசியது. இன்னொரு துண்டை உடைத்து அவருக்கு நீட்டினாள்.

"கோவமோ?" என்றார்.

"ஓம். நல்ல கோவம்." மென்றாள். "வாற வருசமும் குளிப்பாட்டுங்கோ. ஆனால் குளிப்பாட்டின ஈரத்தோடை கட்டிப்போட்டுப் போகாதேங்கோ. என்னைக் கூப்பிடுங்கோ. நான் வந்து கொஞ்சத் தூரம் நடத்திக் கொண்டு வாறன்."